பிரகாசத்தின் மேல் பிரகாசம்

மார்ச் 2

இங்கே வேலைக்கு வருகிறவர்கள் தலைவலி, தூக்கம், மூச்சு மூன்றும் எப்படி இருக்கிறதென்று தினமும் எழுதிவைக்க வேண்டுமாம். முகாம் மருத்துவர் சொன்னார். இந்த உயரம் மண்டையைக் குழப்பும், குழம்பியவருக்கே அது தெரியாது, எழுதியதைப் பிறகு படித்தால்தான் தெரியும் என்றார். சரி, எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு வசதி.

தலைவலி: உண்டு. பெயர் கோபு.

தூக்கம்: இல்லை.

மூச்சு: கோபு போன் செய்யாத நேரங்களில் சீராக இருக்கிறது.

கோபு என்கிற கோபால்சாமி என் கல்லூரித் தோழன். இப்போது பெங்களூரில் எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவன். இரண்டும் ஒரே ஆள் என்பதில்தான் சிக்கல். அவன் நிரந்தரம், நான் ஒப்பந்தம். சிலி நாட்டுப் பாலைவனத்தில் ஒரு மலைமேல் இருக்கும், பல ஆன்டெனாக்கள் கொண்ட ரேடியோ தொலைநோக்கியில் பணி பார்க்க யாராவது போக வேண்டும் என்றதும், "மலர் போவா, அவளுக்கு அதெல்லாம் பிடிக்கும்" என்று அவனே சொல்லிவிட்டான். எனக்குப் பிடிக்கும்தான். அதை அவன் ஏன் சொல்ல வேண்டும்?

விமான நிலையத்தில் என் பருப்புப்பொடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். வெளிநாட்டு விதை எதுவும் உள்ளே வரக்கூடாதாம். வறுத்து அரைத்த துவரம்பருப்பு முளைக்குமா என்று கேட்டேன். சோதனை மேசையில் இருந்த பெண் சிரித்தாள். கோவில்பட்டியிலிருந்து அக்கா அரைத்து அனுப்பியது. இனி ஊருக்குப் போகும்வரை அவித்த பீன்ஸும் ரொட்டியும்தான்.

மார்ச் 4

சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் நடைவழியில் எங்கள் படத்தை மாட்டியிருக்கிறார்கள். சுவர் அகலத்துக்குப் பெரிய படம். பார்த்ததும் பெருமையாக இருக்க வேண்டியது. கீழே எழுதியிருப்பதைப் படித்ததும் வயிறு எரிந்தது. "படம்: கோபால்சாமி, குழுவினர்." அந்தக் "குழுவினர்" என்ற சொல்லுக்குள் எங்கேயோ நான் இருக்கிறேன்.

விருச்சிகத்தின் தலைப்பக்கம் ஒரு தூசி மேகத்துக்குள் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. நட்சத்திரக் கணக்கில் பச்சைக் குழந்தைகள். ஒவ்வொன்றையும் சுற்றி வாயுவும் தூசியும் சேர்ந்த ஒரு தட்டு. நட்சத்திரம் அந்தத் தட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு வளர்கிறது. எப்போதாவது தட்டிலிருந்து ஒரேயடியாகப் பெருவாரியாக உள்ளே விழும். அப்போது நட்சத்திரம் நூறு மடங்கு பிரகாசமாகி, வருடக்கணக்கில் எரியும். ஆறு வருடம் முன்னால் இந்த இரட்டையரில் ஒன்று அப்படிச் சீறியது.

வெளிச்சத்தைப் பார்க்கும் தொலைநோக்கிக்கு நட்சத்திரம்தான் தெரியும். ரேடியோவுக்குத் தட்டின் தூசி தெரியும். ரேடியோ படம் நான் செய்தேன்: ஒரு பெரிய தட்டு, பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு. அதன்மேல் வெளிச்சப் படத்தை ஒட்டியது கோபு. பெரிய தட்டின் நடுவில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் புள்ளி. பெரிய தட்டு, பெரிய தீனி, பெரிய சீற்றம். பத்திரிகைகள் "பசித்த நட்சத்திரம்" என்று பெயர் வைத்தன. கோபுவுக்கு விருது. எனக்கு இன்னொரு ஒப்பந்தம்.

படத்தின் முன் நின்று முறைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். "நீங்கள் தமிழோ?"

ஆன்டெனாக்களுக்குள் இருக்கும் ரிசீவர்களை உறைகுளிரில் வைத்திருக்கும் இன்ஜினியர். குகதாசன். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரோண்டோவில் வளர்ந்தவராம். "கடவுளே! ரெண்டு வருசமா தமிழ் கதைக்க ஒரு ஆளில்லாமல் நான் ரிசீவரோட கதைச்சுக்கொண்டு இருந்தனான், டொக்டர்!" என்றார். ரிசீவர் பாவம். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வாய் மூடவில்லை.

மார்ச் 5

மூக்கில் ரத்தம். பக்கத்து மேசையில் குகதாசன் பாட்டு. இரண்டும் நிற்கவில்லை.

மார்ச் 8

மேலே பனி கொட்டுகிறது. ஆன்டெனாக்களை எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டித் திருப்பி வைத்துவிட்டார்கள். இங்கே கீழ்முகாமில் வெயில். நானும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் இரட்டையரை மறுபடி பார்க்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் இந்த மாதத்துக்குள் நடக்க வேண்டும். ஆன்டெனாக்கள் இப்போது ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் நிற்கின்றன; அப்படி நின்றால்தான் இரண்டு தட்டையும் பிரித்துப் பார்க்க முடியும். மாதக் கடைசியில் ராட்சத வண்டியில் ஏற்றி எல்லாவற்றையும் கிட்டக்கிட்டக் கொண்டுவந்துவிடுவார்கள். பிறகு அடுத்த வருடம். அதற்குள் சீற்றம் அடங்கிவிட்டால், அடுத்ததை என் கொள்ளுப்பேத்தி பார்க்கலாம். எனக்குப் பிள்ளையே இல்லை.

கோபு கூப்பிட்டான். மும்பை மாநாட்டில் இருபத்து நாலாம் தேதி அவன் பேசுகிறான். புதுப் படம் வேண்டும். "பழைய படம் மாதிரியே இருக்கட்டும், ஆனா இன்னும் கூர்மையா. நாம அசத்துறோம், மலர்." அப்புறம் போகிற போக்கில், "உன் நீட்டிப்புக் காகிதம் என் மேசைலதான் இருக்கு, போட்டுர்றேன்" என்றான். ஜூனோடு முடியும் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் காகிதம் அது. போன மாதமும் அங்கேதான் இருந்தது.

மார்ச் 11

கிடைத்துவிட்டது. விடிந்து வெயில் ஏறும்வரை வானம் கண்ணாடி மாதிரி. இரட்டையரைப் பார்த்தாயிற்று. அக்கா இன்னமும் நான் ராத்திரி முழித்துக் குழாயில் கண் வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். ரேடியோவுக்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். எத்தனை முறை சொல்வது?

இன்று யார்மேலும் கோபமில்லை. சலவை இயந்திரம்மேல் மட்டும். என் வெள்ளைச் சட்டையை யாரோ சிவப்புத் துண்டோடு போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 13

இதை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். உயரம் இல்லை இது.

புதுப் படத்தையும் நாலு வருடம் முந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் அந்தச் சீறிய நட்சத்திரம் இப்போது பாதிக்குமேல் மங்கிவிட்டது. அது ஊருக்கே தெரிந்த விஷயம். நட்சத்திரம் மங்கினால் அதன் தட்டும் சூடு குறைந்து மங்க வேண்டும். பெரிய தட்டு மங்கியிருக்கும் என்று பார்த்தால், அது அப்படியே இருக்கிறது. அசையவில்லை. சின்னத் தட்டு மங்கிவிட்டது.

சின்னது.

முதலில் என் கணக்கில் பிழை என்று நினைத்தேன். மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். சின்னதுதான்.

பிறகு அந்த மூன்றாவது புள்ளி நினைவுக்கு வந்தது. பழைய ரேடியோ படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு புள்ளி உண்டு. வெளிச்சப் படத்திலும் ஓரத்தில் ஒரு புள்ளி உண்டு. இரண்டும் ஒட்டவே ஒட்டாது; கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கும். அன்றைக்கே கோபுவிடம் கேட்டேன். "அது பின்னாடி இருக்கிற ஏதோ ஒரு விண்மீன் கூட்டம், அடிக்குறிப்புல போட்டுரலாம்" என்றான். போட்டோம்.

இன்று வெளிச்சப் படத்தை ஒரு விரல் அளவு நகர்த்தினேன். அவ்வளவுதான். வெள்ளைப் புள்ளி பெரிய தட்டைவிட்டு இறங்கிச் சின்னத் தட்டின் நடுவில் உட்கார்ந்தது. ஓரத்துப் புள்ளி ஓரத்துப் புள்ளியின் மேல் கச்சிதமாகப் படிந்தது.

சீறியது சின்ன நட்சத்திரம். பெரியது ஒன்றுமே செய்யவில்லை. நாலு வருடமாக உலகம் முழுக்கத் தப்பான நட்சத்திரத்தின் படத்தைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறது.

இன்னொன்று. பெரிய தட்டின் நட்டநடுவில் ஒரு துளி சூடு கூடினாற்போல் இருக்கிறது. வெறும் இரைச்சலாக இருக்கலாம். எழுதி மட்டும் வைக்கிறேன்.

மார்ச் 14

கோபுவைத் திரையில் பிடித்தேன். பின்னால் அவனுடைய புது அறை, ஜன்னலில் குல்மோகர் மரம், அலமாரியில் விருது.

"டேய், நாலு வருசத்துக்கு முன்னாடி வெளிச்சப் படத்த ரேடியோ படத்து மேல எப்படி ஒட்டின?"

"எல்லாரும் ஒட்டுற மாதிரிதான். ரெண்டுலயும் எது ரொம்பப் பிரகாசமோ அத ஒண்ணு மேல ஒண்ணு வெச்சேன். ஏன்?"

"அதான்டா தப்பு."

சொன்னேன். காட்டினேன். அவன் முட்டாள் இல்லை. நான் முடிப்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறியதைப் பார்த்தேன். ஒரு கணம் எனக்கே பாவமாக இருந்தது. அன்று தூசி மேகத்தின் மங்கலில் நட்சத்திரத்தின் சரியான இடம் தெரியாது. ஒட்டிப் பார்க்க வேறு வழி இருக்கவில்லை. அது உண்மை. ஆனால் வழி இல்லாதபோது "தெரியாது" என்று எழுத வழி இருந்தது.

"மலர், பொறு. அவசரப்படாத. மும்பைல வெறும் ரேடியோ படத்த மட்டும் காட்டிர்றேன். வெளிச்சப் படத்த மேல வெக்கவே வேணாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்கலன்னா சரியாயிடுமா?"

"என் பசங்க நாலு பேரோட ஆராய்ச்சி அந்தப் படத்து மேல நிக்குது. சுபத்ரா இந்த ஜூன்ல தீசிஸ் குடுக்கறா. அவகிட்ட நீ சொல்றியா? உன் படிப்பு தப்பான நட்சத்திரத்தப் பத்தினதுன்னு?"

அந்தப் பிள்ளையை நடுவில் இழுத்ததும் இன்னும் கோபம் வந்தது. "சொல்றேன்டா. ஜூனுக்கு முன்னாடி சொன்னா திருத்திக்குவா. ஜூனுக்கு அப்புறம் சொன்னா அவ வாழ்க்க பூரா அத மறைச்சுக்கிட்டுத் திரிவா. உன்ன மாதிரி."

"நான் எதையும் மறைக்கல!" என்று கத்தினான். பிறகு குரலை இறக்கி, "உன் நீட்டிப்பு..." என்று ஆரம்பித்தான். நான் திரையை அணைத்துவிட்டேன்.

கல்லூரி இரண்டாம் வருடம் எனக்கு டைபாய்டு வந்தபோது தினமும் விடுதி வாசலில் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றவன் இவன்தான். அதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. உயரம்.

மார்ச் 15

சட்டையின் இளஞ்சிவப்பு போகவில்லை. போட்டுக்கொண்டேன்.

மார்ச் 17

குகதாசனிடம் சொல்லியிருக்கக் கூடாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது, சொன்னேன். நடைவழியில் அந்தச் சுவர்ப் படத்தின் முன்னால் நின்று கையைக் காட்டி விளக்கினேன். அவர் கவனமாகத்தான் கேட்டார். கேட்டு முடித்து, தாடியைச் சொறிந்துகொண்டு ஆரம்பித்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் சின்ன ஆள் போட்ட சத்தத்துக்குப் பேர் பெரிய ஆளுக்கு. இல்லை, மறுபக்கமாப் பாத்தால், பெரிய தட்டெல்லாம் ஒருத்தர்ட்ட இருக்க, வெளிச்சம் மட்டும் பக்கத்தில இருக்கிற ஆளுக்கு. டொக்டர், இது உங்கட கதையெல்லோ..."

கத்திவிட்டேன். நட்சத்திரத்தை நட்சத்திரமாகப் பார்க்கத் தெரியாதா, தூசியும் வாயுவும் சுற்றுகிறது, அதற்கு என் கதையும் தெரியாது உங்கள் கதையும் தெரியாது, ஆளாளுக்கு வானத்தில் போய்த் தன் மூஞ்சியைத் தேடுவதை நிறுத்துங்கள் என்றேன். சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"கோவிக்காதேங்கோ. இனிச் சொல்ல மாட்டன்" என்றார்.

மாலையில் என் அறைக் கதவில் ஒரு சின்னப் பொட்டலம் தொங்கியது. யாழ்ப்பாணக் கறித்தூள். இதை அந்த விமான நிலையத்துப் பெண்ணிடமிருந்து எப்படித் தப்பிக்க வைத்தார்? பீன்ஸில் போட்டுச் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம்.

மார்ச் 19

அக்கா பேசினாள். கோபு அவளுக்குப் போன் செய்திருக்கிறான்! என் அக்காவுக்கு! நான் மனம் சரியில்லாமல் இருப்பதாகவும், தனியாக மலையில் இருப்பது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறான்.

"ஏட்டி, அந்தப் பையன் எம்புட்டுப் பொறுமையாப் பேசுதான். நீதான் மூக்குமேல கோவத்த வச்சுக்கிட்டுத் திரியுத. வேலையக் குடுக்கவன்கிட்டப் போயி மல்லுக்கு நிக்கலாமா?"

"வேலைய அவன் குடுக்கலக்கா. நான் செய்யுதேன்."

"என்னமோ போ. பருப்புப்பொடி நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சுக்கா" என்றேன்.

மார்ச் 20

எல்லாக் கணக்கையும், நகர்த்திய படத்தையும், மூன்றாவது புள்ளியையும் எழுதிக் கோபுவுக்கும் குழுவுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். சுபத்ராவுக்கும் சேர்த்து. ஒரு மணி நேரத்தில் கோபுவின் பதில்: "அருமை. நான் பார்த்துக்கொள்கிறேன்." சண்டை போடாத கோபுவை நான் நம்புவதில்லை.

அப்படியே இன்னொன்றும் செய்தேன். பெரிய தட்டின் நடுவில் பார்த்த அந்த ஒரு துளி சூடு என்னை விடவில்லை. பெரிய நட்சத்திரம்தான் சீறுகிறது என்று நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்ததால், அது உண்மையில் சும்மா இருக்கிறதா என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய தட்டு, அவ்வளவு சரக்கு, அத்தனையும் இன்னும் விழாமல் கிடக்கிறது. ஆன்டெனாக்கள் இடம் மாறுவதற்குள் இருபது நிமிடம் போதும் என்று தொலைநோக்கி இயக்குநருக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதினேன். முறைப்படி கோபுவிடம் கேட்டேன், பெயரைச் சேர்க்கட்டுமா என்று.

"அது சும்மா கெடக்கற நட்சத்திரம், மலர். அதுல என்ன இருக்கு? இந்த மாதிரிச் சில்லறை விண்ணப்பத்துல எல்லாம் என் பேரு வேணாம்."

சரி. ஒரு பெயர்தான் போட்டேன்.

மார்ச் 24

காலை உணவு நேரம் இங்கே, மும்பையில் மாலை. கட்டுப்பாட்டு அறையில் மாநாட்டை நேரலையில் போட்டோம். குகதாசனும் வந்து உட்கார்ந்தார், கையில் ரொட்டி.

கோபு நீலக் கோட்டு போட்டிருந்தான். முதலில் அந்தப் பழைய படத்தைத் திரையில் போட்டான். "இது தவறு" என்றான். என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அட, சொல்கிறானே! என்ன இருந்தாலும் என் கோபு!

பிறகு சொன்னான். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோது அவனுக்குத் தோன்றியதாம், பிரகாசத்தின் மேல் பிரகாசத்தை வைத்தது சரியா என்று. ஈரத் தலையோடு ஓடிவந்து படத்தை நகர்த்திப் பார்த்தானாம். அந்த மூன்றாவது புள்ளி அவனை "நாலு வருடமாக உறுத்திக்கொண்டிருந்ததாம்". தன் தவறைத் தானே கண்டுபிடிப்பதுதான் அறிவியலின் அழகு என்று முடித்தான். எழுந்து நின்று கைதட்டினார்கள். கடைசிப் பக்கத்தில், "தரவு உதவி: பொன்மலர்" என்று ஒரு வரி. படிப்பதற்குள் மாற்றிவிட்டான்.

அவனுக்குக் குளியலறையில் தோன்றியது என் மின்னஞ்சல்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உண்மை வெளியே வந்துவிட்டது, அதைத்தானே கேட்டேன்? சுபத்ரா தப்பித்தாள். இனி யாரும் தப்பான நட்சத்திரத்தைப் பார்க்க மாட்டார்கள். இதற்குமேல் கோபப்பட்டால் புகழுக்கு அலைகிறேன் என்பார்கள். அலைகிறேன்! ஆமாம், என் வேலைக்கு என் பெயர் வேண்டும் என்று அலைகிறேன். அதில் என்ன தப்பு? எத்தனை வருடம் "குழுவினர்" என்ற சொல்லுக்குள் முட்டி மடக்கி உட்கார்ந்திருப்பது? வெளியே போய்ப் பாலைவனத்தைப் பார்த்து வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கேட்டவை, எதையும் விடவில்லை. தூரத்தில் ஒரு விக்குன்யா, ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் இருக்குமே அது, நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது.

திரும்பி வந்தபோது மேசையில் தேநீர் மூடி வைத்திருந்தது. குகதாசன் பாடவில்லை. பாடியிருக்கலாம்.

மார்ச் 25

இயக்குநர் இருபது நிமிடம் கொடுத்துவிட்டார். வானம் மறுபடி மூடுகிறது.

மார்ச் 27

மேலே புயல். விடிவதற்கு முன்பே மின்சாரம் போய்விட்டது. குளிர்ப்பொறிகள் நின்றால் ரிசீவர்கள் சூடேறிவிடும். மறுபடி உறைகுளிருக்குக் கொண்டுவர நாள்கணக்கில் ஆகும். அதற்குள் ராட்சத வண்டிகள் வந்துவிடும். என் இருபது நிமிடம் அதோடு போச்சு.

குகதாசனும் இன்னும் மூன்று பேரும் ஆக்சிஜன் மாட்டிக்கொண்டு மேலே போனார்கள். காலையில் வயர்லெஸில் ஒரு முறை பேசினார். பிறகு பேச்சே இல்லை. கூப்பிட்டால் இரைச்சல். ஒரு மனிதருக்கு இவ்வளவு பொறுப்பில்லாமல் இருக்க முடியுமா? வாய் ஓயாமல் பேசுகிறவர், பேச வேண்டிய நேரத்தில் பேசாவிட்டால் என்ன அர்த்தம்? மருத்துவரிடம் போய்க் கேட்டேன். ஓட்டுநரிடம் கேட்டேன். சமையல்காரரிடம் ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் சூப் கொடுத்தார், குகதாசனுக்கென்று எடுத்து வைத்தேன்.

பிற்பகலில்தான் வண்டி வந்தது. தாடியில் பனி ஒட்டியிருந்தது. உதடு நீலம்.

"கொஞ்சம் சொல்லிட்டுப் போறதுக்கு என்னங்க? வாயில்லையா உங்களுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"வயர்லெஸ் பெட்டரி செத்துப்போச்சு, டொக்டர்." முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ரிசீவர் எல்லாம் சுகம். குளிராத்தான் இருக்கினம். உங்கட இருவது நிமிசத்துக்காக எண்டு நினைக்காதேங்கோ, நான் என்ர பிள்ளையளைப் பாக்கப் போனனான்."

சூப் ஆறிப்போய்விட்டது என்பதற்காகத்தான் கத்தினேன்.

மார்ச் 29

நேற்று காலை மேகம் விலகியது. இருபது நிமிடம் கிடைத்தது. இன்று படம் வந்தது.

பெரிய தட்டின் நடுவில் அந்தத் துளி இப்போது துளியாக இல்லை. சூடு இரண்டு வாரத்தில் பல மடங்கு ஏறியிருக்கிறது. சின்னது அடங்கிக்கொண்டே போகிறது, பெரியது எழுகிறது. இரட்டையரில் ஒன்று அடங்கும்போது இன்னொன்று சீறத் தொடங்குவதை, தொடக்கத்திலேயே, தட்டும் நட்சத்திரமுமாகப் பிரித்து யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். பிறகு நாலாவது விதமாகவும்.

உலகத் தொலைநோக்கிகளுக்கெல்லாம் அறிவிப்பு எழுதினேன். என்ன, எங்கே, எவ்வளவு. வெளிச்சத்தில் இனிப் பிரகாசமாகத் தெரியப்போவது பெரிய நட்சத்திரம், உடனே பாருங்கள். அனுப்பியவர் என்ற இடத்தில் ஒரு பெயர். அந்த ஒற்றைப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினேன். கீழே நன்றி சொல்லும் இடத்தில், புயலில் ரிசீவர்களைக் காத்த இன்ஜினியர் குகதாசனுக்கு என்று முழு வாக்கியம் எழுதினேன். "உதவி" என்ற சொல்லை எங்கேயும் போடவில்லை.

மார்ச் 31

வேறொரு மலையில் இருக்கும் வெளிச்சத் தொலைநோக்கிக்காரர்கள் பதில் அனுப்பினார்கள். பார்த்தார்களாம். வெள்ளைப் புள்ளி இடம் மாறிவிட்டது. பெரிய தட்டின் நடுவில் எரிகிறதாம்.

இதில் ஒரு வேடிக்கை. இன்றைக்கு யாராவது பிரகாசத்தின் மேல் பிரகாசத்தை வைத்து ஒட்டினால் சரியாகவே இருக்கும். சுவரில் தொங்கும் அந்தத் தப்புப் படம் இப்போது சரி. அதை நான் கோபுவிடம் சொல்லப்போவதில்லை. அவன் அதற்கும் ஒரு கைதட்டல் வாங்கிவிடுவான்.

அவனே கூப்பிட்டான். மூன்று முறை அடிக்கவிட்டு எடுத்தேன்.

"மலர்! பாத்தேன்! அடேயப்பா! நாம சாதிச்சிட்டோம்!"

"யாரு நாம?"

"என்ன விளையாடுற? நம்ம நட்சத்திரம்..."

"சும்மா கெடக்கற நட்சத்திரம்னு சொன்னியே, அதுவா? சில்லறை விண்ணப்பம்னியே, அதுவா? அதுல ஒரு பேருதான் இருக்கு, கோபு. போய்ப் படிச்சுப் பாரு."

குல்மோகர் மரத்தில் காகம் கரைவது கேட்டது. பிறகு மெதுவாக, "உன் நீட்டிப்புக் காகிதம் இங்கதான் இருக்கு, மலர். அதப் பத்தி..."

"அதையும் குளிக்கும்போது யோசி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூனுக்குப் பிறகு வேலை இருக்குமா என்று தெரியாது. வெளியே ராட்சத வண்டிகள் மேலே ஏறும் உறுமல் கேட்கிறது. ஆன்டெனாக்களைச் சேர்த்து வைக்கப் போகிறார்கள்.

குகதாசன் இரண்டு கோப்பை தேநீரோடு வந்து என் திரையைப் பார்த்தார். பெரிய தட்டு, நடுவில் அந்த வெள்ளை. வெகுநேரம் பார்த்தார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை, டொக்டர்."

"இன்னைக்கு சொல்லலாம்" என்றேன்.

அவர் சொல்லவில்லை. கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

தலைவலி: இல்லை.

மூச்சு: சீர்.

கோபம்: உண்டு. இருக்கட்டும், வேலைக்கு ஆகும்.